கவர்னரைவிட அதிகச் சம்பளம் வாங்கிய நடிகை: ஒரு சிறு திருத்தமும் ஒரு பழைய கதையும்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி எனக்கு ஒரு ஃபார்வேர்டு அனுப்பியிருந்தாள். பழைய கறுப்பு வெள்ளைப் படம், பெரிய கண்களோடு ஒரு பெண். கீழே, "பம்பாய் கவர்னரைவிட அதிகச் சம்பளம் வாங்கிய மௌனப்பட நடிகை சுலோச்சனா" என்று எழுதியிருந்தது. "டீச்சர், இது நிஜமா?" என்று கேட்டிருந்தாள். முப்பது வருஷம் கழித்தும் சந்தேகம் வந்தால் டீச்சரைக் கேட்கத் தோன்றுகிறதே, அதற்கே அவளுக்கு முழு மதிப்பெண்.

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. என் சித்தி ஒருத்தியின் கதையும் இடையில் வந்து சேர்ந்துகொண்டது. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தக் கணக்கு. சுலோச்சனா உச்சத்தில் இருந்தபோது மாதம் 5,000 ரூபாய் வாங்கினார் என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. இந்திய நடிகைகளில் அவருக்குத்தான் அதிகச் சம்பளம் என்பதையும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் கவர்னர்? 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் என்று உங்களுக்குப் பாடம் நடத்தினேனே, மாகாண சுயாட்சி, மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சட்டத்தின் பிற்சேர்க்கையில் கவர்னர்களின் சம்பளம் அச்சாகியே இருக்கிறது. பம்பாய் கவர்னருக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. அதற்கு முந்தைய 1919ஆம் ஆண்டுச் சட்டத்தில் உச்சவரம்பு இதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆக, சுலோச்சனாவின் சம்பளம் கவர்னர் சம்பளத்தில் பாதிதான்.

பாதிதானா என்று யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். வெள்ளைக்கார கவர்னரின் சம்பளத்தில் பாதியை வாங்கிய அந்தப் பெண், சில வருஷங்களுக்கு முன்புவரை டெலிபோன் ஆபரேட்டர். கவர்னர் கதையைச் சொல்லிச் சொல்லி இந்த விஷயத்தை நாம் விட்டுவிட்டோம்.

அவருடைய சொந்தப் பெயர் ரூபி மையர்ஸ். 1907இல் பூனாவில், பாக்தாத்திலிருந்து வந்து குடியேறிய யூத வம்சத்தில் பிறந்தவர். கோஹினூர் ஃபிலிம் கம்பெனியில் டைரக்டராக இருந்த மோகன் பவ்னானி கண்ணில் பட்டு, நடிக்க வருகிறாயா என்று கேட்டபோது ரூபி மாட்டேன் என்றுதான் சொன்னார். நல்ல குடும்பத்துப் பெண்கள் சினிமாவில் நடிப்பதில்லை என்பது அன்றைய ஊர்ச்சட்டம். பவ்னானி விடவில்லை. நடிப்பைப் பற்றி எதுவுமே தெரியாத நிலையில்தான் ரூபி கடைசியில் ஒப்புக்கொண்டார்.

அந்த ஊர்ச்சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு சாட்சி. 1913இல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது தாராமதி வேடத்துக்குப் பெண் கிடைக்கவில்லை. விலைமாதர்களிடம்கூடக் கேட்டுப் பார்த்தார், அவர்களும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞர் புடவை கட்டி நின்றார். அதே சாளுங்கே 1917இல் 'லங்கா தகன'த்தில் ராமனாகவும் சீதையாகவும் ஒரே படத்தில் நடித்தார். அதற்கு முன்பே பால்கேயின் இன்னொரு படத்தில் துர்காபாயும் அவர் மகள் கமலாபாயும் நடித்துவிட்டார்கள் என்றாலும், அது விதிவிலக்காகத்தான் இருந்தது. நம் சென்னையில் நடராஜ முதலியார் மௌனப்படம் எடுத்த காலத்தில் திரௌபதியாக நடிக்க ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்ணைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது.

மௌனப்படக் காலத்துக் கதாநாயகிகளைப் பாருங்கள். பேஷன்ஸ் கூப்பர், ஆங்கிலோ இந்தியர். சீதாதேவி என்ற பெயரில் புகழ்பெற்றவர் ரெனே ஸ்மித், அவரும் ஆங்கிலோ இந்தியர். ரூபி மையர்ஸ் யூதர். இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வரத் தயங்கிய இடத்தில் இவர்கள் வந்து நின்றார்கள். படத்தில் பேச்சு இல்லாததால் பாஷை ஒரு தடையாக இருக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றினால் போதும். ரூபி, சுலோச்சனா ஆனார். நல்ல கண்களை உடையவள் என்று அர்த்தம். வாய் பேசாத படத்தில் எல்லா வேலையையும் கண்ணே செய்ய வேண்டும் இல்லையா, பொருத்தமான பெயர்தான். (பிற்கால இந்திப் படங்களில் அம்மா வேடத்தில் வந்த சுலோச்சனா லாட்கர் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இந்த இடத்தில் என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உறவுகளில் பெரியவர்களுக்கு யாரென்று தெரிந்திருக்கும். பெயர் வேண்டாம். அம்மாவின் கடைசித் தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுச் சென்னையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் சம்பளம் வாங்கிய முதல் பெண். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பலகையில் வயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்கிற வேலை. எங்கள் ஊரில் இதைப் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? "ராத்திரி பூரா கண்ட ஆம்பிளைகளோட பேசுற வேலையாம்." அவ்வளவுதான். வந்த இரண்டு வரன்களும் நைட் ட்யூட்டி என்று கேள்விப்பட்டதும் பின்வாங்கிவிட்டன. சித்தி கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் என் பி.எட். படிப்புக்குப் பணம் கட்டியது அந்தச் சம்பளம்தான்.

சித்திக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர்கள் எக்ஸ்சேஞ்சில் உடன் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியப் பெண்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்த வேலையில் அவர்கள்தான் அதிகம். வெளியே போய் வேலை செய்வதை அவர்கள் வீடுகளில் குற்றமாகப் பார்க்கவில்லை. டெலிபோன் பலகைக்கும் சினிமா கேமராவுக்கும் முன்னால் முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய ஒரே கூட்டத்துப் பெண்கள்தான் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

சரி, சுலோச்சனாவுக்கு வருவோம். 1926இல் அவர் நடித்த படங்களின் பெயர்களைப் பாருங்கள்: 'டைப்பிஸ்ட் கேர்ள்', 'டெலிபோன் கேர்ள்'. புராணப் படங்களில் சீதையும் சாவித்திரியும் வந்துகொண்டிருந்த காலத்தில், வேலைக்குப் போகிற பட்டணத்துப் பெண் திரையில் வந்து நிற்கிறாள். அடுத்த வருஷம் இம்பீரியல் ஃபிலிம் கம்பெனிக்காக 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'. ஒரே படத்தில் எட்டு வேடங்கள். தோட்டக்காரன், போலீஸ்காரன், ஹைதராபாத் கனவான், தெருப் பையன், வாழைப்பழம் விற்பவள், பொன்னிறக் கூந்தல் ஐரோப்பியப் பெண் என்று மாறி மாறி வந்தார். 'நவராத்திரி'யில் சிவாஜி ஒன்பது வேடம் போட்டதை நாம் இன்றும் பேசுகிறோம். அதற்கு 37 வருஷம் முன்னால் ஒரு பெண் எட்டு வேடம் போட்டிருக்கிறார். போலீஸ்காரனாகவும்!

1928இல் 'மாதுரி', 'அனார்கலி', 1929இல் 'இந்திரா பி.ஏ.'. மூன்றுக்கும் டைரக்டர் ஆர்.எஸ். சௌத்ரி. இதில் 'அனார்கலி' பிறந்த விதம் வேடிக்கையானது. லாகூரைச் சேர்ந்த இம்தியாஸ் அலி தாஜ் எழுதிய நாடகத்தை வைத்து வேறொரு கம்பெனி, சீதாதேவியைக் கதாநாயகியாகப் போட்டு ஆடம்பரமாக ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தது. அது தெரிந்ததும் இம்பீரியல் கம்பெனி அவசர அவசரமாக சுலோச்சனாவை வைத்து அதே கதையை எடுத்து முந்திக்கொண்டு வெளியிட்டது. ஜனங்கள் சுலோச்சனாவின் அனார்கலியைத்தான் கொண்டாடினார்கள்.

அவர் புகழுக்கு இன்னொரு அடையாளம். காந்திஜி ஒரு கதர்க் கண்காட்சியைத் திறந்து வைத்ததைக் காட்டும் சின்னப் படம் ஒன்று திரையரங்குகளுக்கு வந்தபோது, கூடவே 'மாதுரி'யில் சுலோச்சனா ஆடிய நடனத்தை ஒலி சேர்த்துக் காட்டினார்கள். சினிமாவே பார்க்க விரும்பாத மகாத்மாவும் சினிமா ராணியும் ஒரே டிக்கெட்டில்!

அந்த நடனத்தோடு சேர்த்த ஒலிதான் அடுத்து வரப்போகும் ஆபத்தின் காலடிச் சத்தம்.

1931 மார்ச் 14. பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் 'ஆலம் ஆரா'. இந்தியாவின் முதல் பேசும் படம். எடுத்தது யார்? அதே இம்பீரியல் கம்பெனி, அர்தேஷிர் இரானி. கம்பெனியின் மிகப் பெரிய நட்சத்திரம் சுலோச்சனா. ஆனால் கதாநாயகி அவரில்லை, சுபைதா. காரணம் எளிது. சுலோச்சனாவுக்கு இந்துஸ்தானி சரளமாக வராது. சுபைதாவுக்கு உருது தண்ணீர் பட்ட பாடு.

அதே வருஷம் அக்டோபர் 31ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் நம் 'காளிதாஸ்' வெளியானது. அதையும் எடுத்தது இதே இம்பீரியல் கம்பெனிதான், பம்பாயில். டைரக்டர் எச்.எம். ரெட்டி. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. அவரும் மௌனப்படங்களில் நடித்தவர்தான். ஆனால் நாடக மேடையில் பாடிப் பேசி வளர்ந்தவர் என்பதால் மைக் வந்தபோது அவருக்குக் கதவு திறந்தது. இதுதான் 1931இல் நடந்தது. மேடையிலிருந்து வந்தவர்களுக்குக் குரலே சொத்து. மேடையைக் காணாமல் நேராகக் கேமரா முன் வந்த ரூபி மையர்ஸ் போன்றவர்களுக்கு அதே குரல் இடைஞ்சல். பேச்சே இல்லாத தொழிலில் உச்சத்துக்குப் போனவர், 24 வயதில், திடீரென்று பாஷை தெரியாதவர் ஆகிவிட்டார்.

பலர் அத்தோடு வீட்டுக்குப் போனார்கள். சுலோச்சனா என்ன செய்தார் என்பதுதான் இந்த நீண்ட பதிவை நான் எழுதக் காரணம். ஒரு வருஷம் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். ஆமாம் பிள்ளைகளே, நாட்டிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய நட்சத்திரம் மறுபடி மாணவியாக உட்கார்ந்தார். 1932இல் பழைய 'மாதுரி'யையே பேசும் படமாக எடுத்தார்கள். படம் ஓடியது. பிறகு தன் மௌனப்பட வெற்றிகளை ஒவ்வொன்றாகப் பேச வைத்தார். 'இந்திரா பி.ஏ.' 1934இல் 'இந்திரா எம்.ஏ.' ஆனது. ஐந்து வருஷத்தில் குரலும் வந்தது, பட்டமும் ஏறியது! 1935இல் பேசும் 'அனார்கலி', 1936இல் 'பம்பாய் கி பில்லி', அதாவது பழைய 'வைல்ட்கேட்'. ஜோடியாக டி. பிலிமோரியா. சொந்தமாக 'ரூபி பிக்ஸ்' என்று ஒரு படக் கம்பெனியும் தொடங்கினார். இருப்பதிலேயே நேர்த்தியான செவர்லே கார் அவரிடம் இருந்ததாகச் சொல்வார்கள்.

ஆனால் காலம் நிற்கவில்லை. சொந்தக் குரலில் பாடும் புதுப் பெண்கள் வந்தார்கள். முப்பதுகள் முடிவதற்குள் சுலோச்சனா-பிலிமோரியா ஜோடியின் மவுசு அடங்கிவிட்டது. மீண்டும் கதாநாயகியாகும் முயற்சிகள் கைகூடவில்லை. சின்னச் சின்ன வேடங்கள் வந்தன. அவற்றை ஏற்றுக்கொண்டார்.

1953இல் 'அனார்கலி' மூன்றாம் முறை வந்தது. பீனா ராய் அனார்கலி, பிரதீப் குமார் சலீம். ஊரெல்லாம் பாட்டு, படம் பெரிய வெற்றி. அந்தப் படத்தில் சலீமின் தாய் ஜோதாபாயாக வந்தவர் சுலோச்சனா. 1928இல் பேசாத அனார்கலி, 1935இல் பேசும் அனார்கலி, 1953இல் அனார்கலியின் காதலனுக்கு அம்மா. அந்த செட்டில், தான் இரண்டு முறை நின்ற இடத்தில் வேறொரு இளம்பெண் நிற்பதை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் மனசு எனக்குத் தெரியாது. ஆனால் வேலைக்கு வந்தார், செய்தார், போனார். அது மட்டும் தெரியும்.

1973ஆம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது சுலோச்சனாவுக்குக் கிடைத்தது. பெண் வேடத்துக்குப் பெண் கிடைக்காமல் அலைந்தாரே, அந்தப் பால்கேயின் பெயரில் உள்ள விருது. தேவிகா ராணிக்குப் பிறகு அதைப் பெற்ற இரண்டாவது பெண் இவர்.

இப்போது மறுபடி சித்தி. 1975இல் 'ஜூலி' இந்திப் படம் வந்தது. நம் லட்சுமி கதாநாயகி, நாகிரெட்டி தயாரிப்பு, சேதுமாதவன் டைரக்ஷன். குழந்தை நட்சத்திரமாக ஸ்ரீதேவியும் உண்டு. ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெண் கல்யாணத்துக்கு முன்பே தாயாகும் கதை. எங்கள் வீட்டில் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லவே கூடாது. லீவுக்குச் சென்னை போயிருந்த என்னை சித்தி கூட்டிக்கொண்டு போனாள். "அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றாள். படம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "எங்க எக்ஸ்சேஞ்சுப் பொண்ணுங்க வீடு மாதிரியே காட்டியிருக்கான்டி" என்று மட்டும் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. நான் அப்போது பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

ரிட்டயரான பிறகு ஒரு நாள் பால்கே விருது பெற்றவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், சுலோச்சனா என்கிற ரூபி மையர்ஸ் நடித்த படங்களின் வரிசையில் 'ஜூலி' இருப்பதைக் கண்டேன். அந்தப் படத்தில் ஒரு சிறு வேடத்தில் வந்த வயதான அம்மாள்தான் அவர். ஒரு காலத்தில் 'டெலிபோன் கேர்ள்'. அவரை ஒரு டெலிபோன் ஆபரேட்டரின் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். எங்கள் இருவருக்குமே அவர் யாரென்று தெரியவில்லை. இதைச் சித்தியிடம் சொல்லலாம் என்றால் அவள் போய் நாலு வருஷமாகியிருந்தது.

சுலோச்சனா 1983 அக்டோபர் 10ஆம் தேதி பம்பாயில் காலமானார். இந்திய சினிமாவின் நூற்றாண்டான 2013இல் தபால்தலை வெளியிட்டார்கள். அவரை நட்சத்திரமாக்கிய மௌனப்படங்களை இன்று நாம் போட்டுப் பார்க்க முடியாது. இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,300 மௌனப்படங்களில் மிஞ்சியவை மிக மிகச் சில. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சுலபத்தில் தீப்பிடிக்கும், தானாகவும் மக்கிப்போகும். பேசும் படம் வந்தபிறகு யாருக்கு வேண்டும் என்று, அதிலுள்ள வெள்ளியை எடுக்க உருக்கியவர்களும் உண்டு. காப்பாற்றி வைத்திருந்த நைட்ரேட் சுருள்களிலும் ஒரு பகுதி 2003 ஜனவரியில் பூனாவில் நடந்த தீவிபத்தில் போயிற்று. பூனா, ரூபி பிறந்த ஊர். மிஞ்சியிருப்பவை சில புகைப்படங்கள், கூடவே உண்மையில்லாத ஒரு கவர்னர் கணக்கு.

அந்த மாணவிக்கு என் பதில் இதுதான், கண்ணு. கவர்னரைவிட அதிகம் என்பது தவறு. ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல அதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. ஊர் என்ன சொல்லும் என்று பயந்து முதலில் மறுத்தவர், பிறகு துணிந்து வந்தார். தொழிலே தலைகீழாக மாறியபோது ஒரு வருஷம் உட்கார்ந்து படித்தார். கதாநாயகி இடம் போன பிறகும் நாற்பது வருஷம் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

வழக்கம்போல ஒரு வீட்டுப்பாடம். உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் வேலைக்குப் போன பெண் யார்? நர்ஸோ, டீச்சரோ, டைப்பிஸ்டோ, மில் தொழிலாளியோ, யாராயிருந்தாலும் சரி. அவர் இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, அதை யாரிடம் கொடுத்தார், ஊர் என்ன பேசியது. இல்லாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கீழே எனக்கும் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையும் உண்டு.

சித்தியின் முதல் சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்டதே இல்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்